ஏழுமலை அண்ணன் பாதியில் நிறுத்திய படம்

இந்த நேரத்தில் எழுதுவதற்கு நம் ஞாயிற்றுக்கிழமைப் படக் கூட்டத்து நண்பர்கள் எல்லோரும் என்னை மன்னிக்க வேண்டும். மணி பன்னிரண்டரை ஆகிறது. பகலில் உட்கார்ந்தால் பாப்பா பேனாவைப் பிடுங்குகிறாள். அவள் தூங்கிய பிறகு உட்கார்ந்தால் நானே நாலு தடவை எழுந்துபோய் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வருகிறேன். என் பயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். படம் ஓடும்போதே வெளியே போய் "பாப்பா சாப்ட்டாளா?" என்று வீட்டுக்குப் போன் போடுகிறவள் என்று என்னைக் கிண்டல் செய்திருக்கிறீர்கள். அந்தப் பயத்தைப் பற்றியும் இதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அண்ணனின் பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். அதனால்தான் இந்த அவசரம்.

போன வியாழக்கிழமை காலையில், வடக்கனந்தலை ஒட்டிய எங்கள் ஊருக்குள் மைக் கட்டிய ஆட்டோ வந்தது. சாவுச் சேதி சொல்லும் ஆட்டோ என்று அது வரும் வேகத்திலேயே தெரியும். இந்தப் பக்கத்தில் இத்தனை வருஷமாக அந்தச் சேதிகளைச் சொன்ன குரல் ஒன்றுதான். அன்றைக்கு வேறு யாரோ படித்தார்கள். இடையிடையே குரல் நின்று நின்று போனது. ஏழுமலை அண்ணனுக்குத் தொண்டை கட்டியிருக்கும், வேறு ஆளை அனுப்பியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே துணி பிழிந்துகொண்டிருந்தேன். ஆட்டோ எங்கள் வீட்டைத் தாண்டும்போதுதான் "மைக் செட் ஏழுமலை அவர்கள்" என்று காதில் விழுந்தது. பிழிந்த துணியை மறுபடி தண்ணீரிலேயே போட்டுவிட்டேன்.

அந்தக் குரல் சேதியைத் திரும்ப ஆரம்பிப்பதற்கு முன் "பேசுறது ஏழுமலையோட தம்பி பழனி" என்று சொன்னது. சாவுச் சேதி சொல்கிறவர்கள் தங்கள் பேரைச் சொல்லி ஆரம்பிப்பதில்லை. பேரைச் சொல்வது அண்ணன் தன் கடைக்கு வைத்த சட்டம். முதல்ல பேரு, அப்புறம் சேதி. அந்தச் சட்டம் எதனால் வந்தது என்று நீங்கள் பாதிதான் அறிவீர்கள். மீதிப் பாதி என்னிடம் இருக்கிறது.

அவரை அறியாதவர்கள் யாராவது இதைப் படிக்க நேரலாம். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒலிபெருக்கி, சீரியல் லைட், ஜெனரேட்டர் எல்லாம் வாடகைக்கு விடும் சின்னக் கடை அவருடையது. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். நான் எம்.ஏ. படித்த கல்லூரியில் ஒரு கருத்தரங்குக்குப் புரொஜக்டர் கட்ட வந்த இடத்தில், ஐரோப்பியப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு, கூட்டம் கலைந்த பிறகும் நாற்காலியைவிட்டு எழாமல் உட்கார்ந்திருந்தார். "இந்தப் படம் வேற எங்க மா கெடைக்கும்?" என்று கேட்டார். அப்படித்தான் நம் கூட்டம் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடை மாடியில், ஜன்னல்களுக்குப் பந்தல் தார்ப்பாயைக் கட்டி இருட்டாக்கி, சுவரில் வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டி, எட்டுப் பத்துப் பேர்.

படங்களுக்குத் தமிழில் எழுத்து வராது. கீழே ஓடும் இங்கிலீஷைப் பார்த்து ஒருத்தர் மைக்கில் தமிழில் சொல்லவேண்டும். அந்த வேலை எனக்கு வந்தது. முதல் படத்தில் நான் அழுகிற இடத்தில் அழுகிற மாதிரியும், கத்துகிற இடத்தில் கத்துகிற மாதிரியும் படித்தேன். இடைவேளையில் அண்ணன் வந்து மைக்கின் மேல் தன் கைக்குட்டையைச் சுற்றிக் கட்டினார். "கொரல்ல நடிக்காத மா. நடிக்கிறதுக்கு அவங்க அங்க கீறாங்க. நீ சேதிய மட்டும் சொல்லு" என்றார். அதற்குப் பிறகு என் குரலை நான் மறந்துவிட்டுத்தான் படித்தேன்.

மலை பஸ் ஓட்டும் துரை அண்ணனுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு படத்தில் கிழவர் ஒருத்தர் அரை மணி நேரமாகச் செத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணா இது, அவரு போய்ச் சேர்றதுக்குள்ள நான் வெள்ளிமலைக்கு ஒரு டிரிப் அடிச்சிட்டு வந்துடுவேன் போலக்கீதே" என்றார் துரை அண்ணன்.

"நீ ஓட்ற ஓட்டுக்கு அவரே எழுந்து உனக்கு மாலை வாங்கிகினு வருவாரு. உக்காரு" என்றார் ஏழுமலை அண்ணன்.

இருட்டில் எல்லோரும் சிரித்தோம். கிழவர் செத்ததை நான் சிரித்துக்கொண்டே படித்தேன். அண்ணனும் ஒன்றும் சொல்லவில்லை.

இனிமேல் சொல்லப்போவது சிரிக்கிற விஷயம் இல்லை.

மூன்று வருஷத்துக்கு முந்தைய ஆடி மாசம். பாப்பாவுக்கு அப்போது இரண்டு வயது. பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று ஒரு செய்தி எல்லோர் போனுக்கும் வந்துகொண்டிருந்ததே, அந்த மாசம். பெண்கள் வேஷத்திலும் வருகிறார்கள், மயக்க மருந்து கொடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போகிறார்கள் என்று அதில் இருந்தது. மூன்று நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. தூங்கும்போது பாப்பாவின் அரைஞாண் கயிற்றை என் முந்தானையோடு சேர்த்து முடிந்துகொண்டேன். எங்கள் ஊர் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற நாள் வந்தது. மைக் செட் வழக்கம்போல அண்ணனுடையது. காலையில் அவருடைய போனுக்கு அந்தச் செய்தியை அனுப்பினேன். கூடவே, "அண்ணா, கூட்டம் ஜாஸ்தி இருக்கும், இத மைக்ல சொல்லிடுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க" என்றும் எழுதினேன்.

உடனே போன் செய்தார்.

"நெசந்தானா மா இது?"

"நெசந்தாங்கண்ணா. என் ஃபிரண்டு ஊர்லயே ஒரு கொழந்தைய தூக்கிட்டாங்களாம்."

என் ஃபிரண்டு யாரும் அப்படிச் சொல்லவில்லை. யார் ஊரிலும் அப்படி நடந்ததாக எனக்குத் தெரியாது. நான் சொன்னால் அவர் சந்தேகப்படாமல் படிப்பார் என்பதற்காகச் சொன்னேன். அந்த ஒரு வாக்கியம் என்னுடையது. மூன்று வருஷமாக அதை என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாமல் இருந்தேன்.

கூழுக்கு நின்ற வரிசையில் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் இருந்தேன். அண்ணன் குரல் மரத்து உச்சியில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய்களிலிருந்து வந்தது. "தாய்மார்களே, கொஞ்சம் கவனிச்சிக் கேளுங்க." ஊரே அப்படியே நின்றது. மூன்று நாளில் முதல் தடவையாக என் நெஞ்சு லேசானது. இனி இத்தனை கண்கள் என் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் என்று தோன்றியது.

அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. போர்வெல் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூட்டம் சேர்ந்தது. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்த பெண் ஒருத்தி. தோளில் ஒரு குழந்தை தலையைத் தொங்கப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. காய்ச்சல் கண்ட குழந்தை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் தண்ணீர் குடிக்க நின்றவள் அவள். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது கேட்டதெல்லாம் "புள்ளைய மயக்கிட்டாடா" என்ற ஒரு சத்தம்தான். யார் அந்தக் குழந்தையை அவள் கையிலிருந்து பிடுங்கியது, யார் முதலில் அடித்தது என்று நான் பார்க்கவில்லை. அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிக் கதவைச் சாத்தினேன்.

சாத்திய கதவுக்குள் அண்ணன் குரல் கேட்டது. "வுடுங்கய்யா. அது அவங்க புள்ளதான்யா. வுடுங்க, உங்களக் கும்புடுறேன்." சற்று முன்னால் அவர் சொன்னதை அப்படியே நம்பிய கூட்டம், இப்போது அவர் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. பிறகு மைக் கீழே விழுந்த சத்தம் கேட்டது. அவர் இறங்கி ஓடியிருக்கிறார்.

கூட்டத்துக்குள் புகுந்து தாயையும் பிள்ளையையும் மீட்டு, ஒலிபெருக்கி ஏற்றி வந்த லோடு ஆட்டோவிலேயே கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். குழந்தை பிழைத்தது. அந்தப் பெண்ணுக்குக் கை எலும்பு கூடிவிட்டது. இடது காது மட்டும் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

போலீஸ் வந்து கேட்டது. ஊர்ப் பெரியவர்கள் கேட்டார்கள். யார் சொல்லி நீ மைக்கில் படித்தாய் என்று. அவர் எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னார். "என் மைக்கு, என் வாயி. வேற யாரும் இல்ல." அடித்தவர்களில் ஒருத்தரும் தன் பேரைச் சொல்லவில்லை. வெளியே வந்த பேர் அவருடையது மட்டும்தான். எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு அதற்குப் பிறகு அவரைக் கூப்பிடவில்லை. நம் கூட்டத்திலும் இரண்டு பேர் வருவதை நிறுத்தினார்கள். வந்தவர்களில் ஒருத்தர், "இவ்ளோ படம் பாக்கறவன் நீ, உனக்கே புத்தி இல்லியா ஏழுமலை?" என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். டீ கிளாஸின் அடியில் சர்க்கரை கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி மாசம் அந்தப் படத்தைப் போட்டார். கறுப்பு வெள்ளையில், பனி பெய்யும் சின்ன ஊர் ஒன்றில் நடக்கிற பழைய படம். உங்களில் பலர் இனி அந்த மாதிரிப் படம் வேண்டாம் என்று சொன்னீர்களே, அது.

அந்த ஊரில் மாடுகள் செத்துக்கொண்டே இருக்கும். ஊருக்குப் புதிதாக வந்த போதகர், உங்களில் ஒருவருடைய பாவம்தான் காரணம் என்பார். கோயில் வாசலில் ஒரு மரப்பெட்டி வைப்பார். சந்தேகப்படுகிறவர் பேரை எழுதிப் பெட்டியில் போடலாம், எழுதுகிறவர் தன் பேரைப் போட வேண்டாம். ஒருத்தி பாலுக்காகப் பக்கத்து வீட்டுக்காரி பேரை எழுதுவாள். ஒருத்தன் வேலி ஓரத்து நிலத்துக்காக. கடைசியில் ஊரில் எல்லோருக்கும் பிரசவம் பார்த்த மருத்துவச்சியின் பேர்தான் அதிகம் வரும். அவள் கையில் பிறந்தவர்களே அவளை ஊர்வலமாகப் பனிக்குள் துரத்தப் புறப்படுவார்கள், பாட்டுப் பாடிக்கொண்டே. பாட்டு அவ்வளவு இனிமையாக இருக்கும். அந்தச் சீட்டுகளை அழகான கையெழுத்தில் பதிவு செய்யும் குமாஸ்தா நல்ல மனுஷன். யாரையும் அடிக்கவில்லை, திட்டவில்லை. முடிவில் மருத்துவச்சியின் வீடு அவனுக்குக் கிடைக்கும்.

இதையெல்லாம் நான் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தேன். போதகர் சொன்னது என் வாயிலிருந்து வந்தது. பாலுக்காகப் பேர் எழுதியவள் சொன்ன பொய் என் வாயிலிருந்து வந்தது. கைக்குட்டை சுற்றிய மைக் என் மூச்சில் ஈரமாகிவிட்டது. ஊர்வலம் கோயில் வாசலுக்கு வந்தபோது மருத்துவச்சி திரும்பி நின்று, பெட்டியில் எழுதியவர்களில் ஒரே ஒருத்தர் தன் பேரைச் சொல்லட்டும், நான் பேசாமல் போய்விடுகிறேன் என்பாள். கீழே அந்த எழுத்து வந்தது. என்னால் படிக்க முடியவில்லை. எழுத்து போய் அடுத்த எழுத்து வந்தது. அதையும் படிக்கவில்லை. நீங்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தீர்கள். மைக் கெட்டுவிட்டது என்று நினைத்தீர்கள்.

அண்ணன் படத்தை நிறுத்தினார். மருத்துவச்சியின் முகம் வேட்டித் துணியில் அப்படியே நின்றது. காற்றில் வேட்டி அசையும்போதெல்லாம் அந்த முகமும் அசைந்தது. "இன்னிக்கு டீய முன்னாடியே குடிச்சிடலாம்" என்றார்.

மாடிப் படியில் நானும் அவரும் நின்றோம்.

"வாய் வரலியா மா?"

"வரலிங்கண்ணா."

"எனக்கும் அப்பிடித்தான். ஆடிலேர்ந்து."

"என் பேர ஏங்கண்ணா சொல்லாத வுட்டீங்க?"

"நீ அனுப்பின. நெசமான்னு கேட்டேன், ஆமான்ன. எந்த ஊரு, இன்னா பேருன்னு இன்னும் ஒரு வார்த்த நான் கேட்டுருக்கணும். கேக்கல. கேட்டுருந்தா நீ முழிச்சிருப்ப, அங்கியே முடிஞ்சிருக்கும். எனக்கும் ஆச மா. நான் பேசுனா ஊரே கம்முனு நின்னு கேக்குதுல்ல, அந்த ஆச. உன்கிட்ட பயம் இருந்திச்சி, என்கிட்ட மைக்கு இருந்திச்சி."

நான் அழுதேன். அவர் தடுக்கவில்லை.

"போலீஸ்ல போய்ச் சொல்லுன்னு நான் சொல்லல. அந்தப் பொண்ணு பேரு ராமாயி. அதுகிட்ட சொல்லு. மாசம் ஒரு வாட்டி நான் மேல போறேன். போறப்பல்லாம் 'ஏண்ணா என்ன அடிச்சாங்க, நான் இன்னா பண்ணேன்'னு கேட்டுகினேகீது. வலது காத என் பக்கமாத் திருப்பிகினு பதிலுக்குக் காத்துகினு இருக்குது. நான் படிச்சத நான் சொல்லிட்டேன். உன் பாதிய நான் சொல்ல முடியாது."

பிறகு மேலே போய்ப் படத்தைப் போட்டார். நான் கடைசிவரை படித்தேன். அந்தப் பாட்டையும் படித்தேன். குமாஸ்தா அந்த வீட்டுக்குள் போய் விளக்கேற்றினான். கோயில் வாசலில் அதே பெட்டி, முகம் தெரியாத ஒரு கை இன்னொரு சீட்டைப் போட்டது. படம் முடிந்தது. தார்ப்பாயை அவிழ்த்தபோது வெளியே வெயில் அடித்தது யாருக்கும் பிடிக்கவில்லை. துரை அண்ணன் மட்டும், "பாட்டு நல்லாருந்திச்சி. அதாண்ணா கொமட்டுது" என்றார்.

அடுத்த வாரத்திலிருந்துதான் கடையில் அந்தச் சட்டம் வந்தது. ஒரு கல்யாணத்தில் ஒருத்தர் வந்து, எதிர்த்தெரு பலகாரக் கடையில் வாங்கித் தின்றவர்கள் வாந்தி எடுக்கிறார்கள், மைக்கில் எச்சரிக்கை சொல்லு என்றார். அண்ணன் மைக்கை அவர் கையில் கொடுத்தார். "முதல்ல பேரு, அப்புறம் சேதி. நீங்களே சொல்லுங்க." அந்த ஆள் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பந்திக்குப் போய்விட்டார். அந்தக் கடையிலிருந்து பந்திக்கு வந்த பலகாரத்தையே சாப்பிட்டார் என்று அண்ணன் பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்.

என்னை அவர் மூன்று தடவை மலைக்குக் கூப்பிட்டார். முதல் தடவை பாப்பாவுக்குச் சளி என்றேன். அது உண்மை. இரண்டாம் தடவை தை பிறக்கட்டும் என்றேன். மூன்றாம் தடவை புறப்பட்டேவிட்டேன். அவர் காலையிலேயே மேலே போய்விட்டார். நான் பாப்பாவோடு பின்னால் வந்த பஸ்ஸில் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி பஸ் மலையேறத் தொடங்கும் இடத்தில், நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன். பாப்பா வாந்தி எடுத்தாள், அதனால் திரும்பிவிட்டேன் என்று அவருக்குப் போனில் சொன்னேன். பாப்பா வாந்தி எடுக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து சந்தோஷமாகக் குரங்கை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"சரி மா. பாப்பாவப் பாத்துக்கோ" என்றார். அவருக்குத் தெரிந்திருக்கும். கொஞ்சம் பொறுத்து, "ராமாயி புள்ளயும் பள்ளிக்கூடம் போவுது இப்ப. உன் பொண்ணு வயசுதான்" என்றார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது. இருபது நாள் கழித்து, கடையில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டாராம். நெஞ்சு வலி என்றுகூடச் சொல்லவில்லையாம்.

சாவு வீட்டில் கஸ்தூரி அண்ணி என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்கள். கைக்குட்டை சுற்றிய அந்தச் சின்ன மைக்கை எடுத்துக் கொடுத்து, "இது தேவிகா மைக்கும்பாரு. யாருக்கும் வாடகைக்குக் குடுக்க வுடல" என்றார்கள். நான் ராமாயி எந்த ஊர் என்று கேட்டேன். அந்த நேரத்தில் அதைக் கேட்டது தப்புத்தான்.

"மலைக்குப் போறேம்பாரு. வெள்ளிமல தாண்டி பஸ்ஸு நிக்கிற எடத்துலேர்ந்து நடக்கணும்பாரு. எந்த ஊருன்னு நான் கேக்கலியே மா" என்று அண்ணி அழுதார்கள்.

நேற்று என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப கூழு ஊத்துன அன்னிக்கி நான் வந்து தட்டியும் நீ கதவத் தெறக்காத இருந்தது அதுக்குத்தானா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். இன்று காலையில், "போறப்ப சொல்லு, நானும் வரேன்" என்றார்.

அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த மைக்கும், நடிக்காத ஒரு குரலும், அவருடைய அந்தச் சட்டமும்தான். மூன்றாவதை இதுவரை நான் பின்பற்றவில்லை. அவர் மேல் நீங்கள் மூன்று வருஷமாக வைத்திருக்கும் வருத்தத்தில் பாதி என்னைச் சேரவேண்டியது. கூட்டத்துக்கு வருவதை நிறுத்திய இரண்டு பேரும் பதினாறாம் நாள் அவர் படத்துக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதினேன்.

என் பேர் தேவிகா. அன்றைக்கு அந்தச் செய்தியை அண்ணனுக்கு அனுப்பியது நான். நெசம் என்று சொன்னது நான்.

துரை அண்ணா, அவர் உங்கள் பஸ்ஸில்தானே மேலே போவார். எந்த நிறுத்தத்தில் இறங்குவார், எந்தப் பக்கம் நடப்பார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்களுக்குத் தெரியாவிட்டால் மற்றவர்கள் யாராவது, ராமாயி, இடது காது கேட்காது, பள்ளிக்கூடம் போகிற ஒரு பிள்ளை என்று மலையில் விசாரித்துச் சொல்லுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை நான் போக வேண்டும். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.